மாணவியர் மட்டும்

ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில், முதல்வர் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒரு பலகை இருந்தது. நீல வண்ணம், வெள்ளை எழுத்து, நான்கு மூலையிலும் திருகாணி. ‘மாணவியர் மட்டும். கல்லூரி நேரம் முழுவதும்.’ அந்த வீட்டுக்குக் குளியலறை, கழிப்பறை எல்லாம் சேர்த்து இருந்தது அந்த ஒன்றுதான். ஐந்நூறு பையன்களைக் கண்ணாலேயே நடுங்க வைக்கிற முதல்வர், கல்லூரி மணி அடித்துவிட்டால் சொந்த வீட்டிலேயே ஒதுங்க இடமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பலகையை மாட்டச் சொன்னவரும் அவர்தான். இதைச் சிரிக்காமல் சொல்ல நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை.

ஆனால் கதை அவருடையது இல்லை. அவர் மனைவியுடையது. அவளுக்கு மாணவிகள் வைத்த பெயர் சாவியம்மா. குளியலறைச் சாவியைச் சமையலறை ஜன்னல் வழியாக நீட்டுகிற அம்மா என்பதால் சாவியம்மா. அதற்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயர் ‘முதல்வர் வீட்டம்மா’. அதைவிட இது தேவலை என்று அவளே சொல்வாள். இதிலாவது கையில் ஒரு பொருள் இருக்கிறது.

கல்லூரியைக் கட்டியவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டினார்கள். சைக்கிள் நிறுத்த இடம், கொடிக்கம்பம், பணிமனை, நிர்வாகக் குழுத் தலைவருக்குப் பிற்காலத்தில் சிலை வைக்க ஒரு பீடம்கூட உண்டு. தலைவர் நல்ல ஆரோக்கியமாக இருந்ததால் பீடம் காலியாக இருந்தது. மைதானம் தாண்டிப் பணிமனைக்குப் பக்கத்தில் பையன்களுக்கு வரிசையாகக் கழிப்பறைகள். பெண்கள் யாராவது படிக்க வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததைக் கட்ட முடியாது இல்லையா?

ஒரு வருஷம் மூன்று பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மதிப்பெண் இருந்தது, விதியில் தடை இல்லை. குழு கூடியது, பேசியது, முடிவெடுத்தது. அன்று சாயங்காலம் முதல்வர் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தை எடுத்தார்.

“நாளையிலேர்ந்து மூணு பொண்ணுங்க நம்ம வீட்டுக்கு வருவாங்க.”

“சாப்பிடவா?”

“இல்ல.”

“தங்கவா?”

“இல்ல, இல்ல.”

“பின்ன எதுக்குங்க?”

முதல்வர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். “நம்ம பின்பக்கம் இருக்கில்ல... அங்க வந்துட்டு உடனே போயிடுவாங்க. குழு முடிவு.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கல்லூரி நிர்வாகம் அவளிடம் கேட்ட முதல் உதவி இதுதான். அதையும் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டுச் சொல்லியிருக்கிறது.

மறுநாள் இடைவேளையில் மூன்று பேரும் வந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் தலைகுனிந்து நின்றார்கள். ஒருத்தி கதவு உயரம், அவளுக்கு நெட்டச்சி என்று சாவியம்மா பெயர் வைத்தாள். ஒருத்தி தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள், அவள் கண்ணாடி. மூன்றாமவள் வாயைத் திறந்த மாத்திரத்தில் அவளுக்கும் பெயர் கிடைத்துவிட்டது, வாயாடி.

“தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளணும், இல்லாட்டி விழாது” என்று சாவியைக் கொடுத்தாள் சாவியம்மா.

“எங்களுக்கு மெக்கானிக்கல்தான்மா பாடமே. பிரிச்சு மாட்டித் தந்துடறோம்” என்றாள் வாயாடி. சொன்னபடியே அந்த வாரக் கடைசியில் பிரித்தாள். மாட்டத் தெரியவில்லை. தச்சர் வந்துதான் மாட்டினார்.

வகுப்பிலிருந்து இங்கே வந்து மூன்று பேரும் போய்விட்டுத் திரும்புவதற்குள் இடைவேளை முடிந்து, மணியும் அடித்து ஓய்ந்திருக்கும். தாமதம் என்று ஆசிரியர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் அவர்கள் வருவது குறைந்தது. ஒரு மதியம் உதடு வெடித்து, வெயிலில் துவண்டு வந்த கண்ணாடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள் சாவியம்மா. அந்தப் பெண் தண்ணீரை ஆசையாகப் பார்த்தாளே தவிர வாங்கவில்லை.

“ஏன், எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?”

“ஐயோ, அப்படி இல்லம்மா. குடிச்சா மறுபடியும் வரணும். காலையிலேர்ந்து நாங்க யாருமே குடிக்கிறதில்ல.”

சாவியம்மாவுக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, மூன்று பெண்கள் படிப்புக்காகத் தொண்டை காய்ந்து திரிகிறார்கள். அந்த எரிச்சலுக்கு அடியில் இன்னொரு பழைய எரிச்சலும் இருந்தது.

அவளுக்குப் பதினேழு வயதில் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைத்தது. ஊரில் அவள் வயசுப் பெண்ணுக்கு அது பெரிய சமாசாரம். அப்பா கல்லூரியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து, “அங்க பொண்ணுங்களுக்கு வசதி இல்லையாம்” என்று சொல்லிவிட்டு சட்டையைக் கழற்றி மாட்டினார். பேச்சு அதோடு முடிந்தது. வசதி என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். தனி நூலகமோ, தனிக் கட்டடமோ, தன்னைப் போன்றவர்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று. அது ஒரு கதவும் தாழ்ப்பாளும் வாளியும்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. இதற்காகவா என்று அன்று முழுக்கத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பலகை வந்த கதை அதற்கு அடுத்த மாதம். மேலிடத்து ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. பெண்களுக்கு வசதி எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவது? முதல்வருக்கு மூளை கூர்மை. தச்சரைக் கூப்பிட்டார், பலகை எழுத வைத்தார், தன் வீட்டுக் குளியலறைக் கதவில் திருகி மாட்டச் செய்தார், உத்தரவும் போட்டார். ஆய்வுக் குழு வந்து பலகையைப் பார்த்தது. முதல்வரின் சோப்பையும் சவரக் கத்தியையும் பார்த்தது. ‘வசதி உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

போன பிறகு பலகையைக் கழற்றிவிடலாம் என்றுதான் முதல்வர் நினைத்தார். ஆனால் சாவியம்மா, “உத்தரவு போட்டது நீங்க. நீங்களே மீறினா பசங்க என்ன நினைப்பாங்க?” என்று கேட்டாள். ஒழுக்கம் பற்றி வாரா வாரம் பேசுகிறவர், எடுத்த திருப்புளியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் செய்தித்தாளோடு உள்ளே போனால் தலையங்கம், விளையாட்டு, இரங்கல் செய்தி எல்லாம் முடிந்துதான் வெளியே வருவார். ஒருநாள் இரங்கல் செய்தியில் மூழ்கி நேரத்தைத் தவறவிட்டுவிட்டார். மணி அடித்தது. வெளியே செருப்புச் சத்தம். தாழ்வாரத்தில் மாணவிகள் வரிசை. உள்ளே தோளில் துண்டோடு முதல்வர். கதவைத் திறந்தால் எல்லோரும் சேர்ந்து “வணக்கம் சார்” என்பார்கள். அதற்குப் பதில் அவர் உள்ளேயே உயிரை விடத் தயார். அவர் வெளியே வரவில்லை, அவர்கள் நகரவில்லை. நடுவில் ஒருமுறை இருமினார். இருமலைக் கேட்டதும் வெளியே சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. கடைசியில் சாவியம்மாதான் பெண்களை முன்னறைக்குக் கூட்டிப்போய், சுவரில் இருந்த குடும்பப் படங்களை ஒவ்வொன்றாக விளக்கினாள். அந்த நேரத்தில் கல்லூரித் தலைமை துண்டோடு சமையலறை வழியாகக் கம்பி நீட்டியது.

அடுத்த வருஷம் பத்துப் பெண்கள் ஆனார்கள். இடைவேளை, மதியம், சாயங்காலம் என்று எப்போதும் யாராவது தாழ்வாரத்தில் இருந்தார்கள். வரிசையில் நிற்கிற நேரம் வீணாகக் கூடாது என்று புத்தகத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்கள். சாவியம்மா காய் நறுக்கிக்கொண்டே காது கொடுத்தாள். பற்சக்கரம், நெம்புகோல் எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். ஆனால் யாராவது கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் கத்தி நின்றுவிடும். முப்பது வருஷத்துக்கு முன் விட்ட இடம் எங்கோ மங்கலாகத் தெரியும். பாதி புரியும், பாதி புரியாது. புரியாததைக் கண்ணாடியிடம் கேட்பாள். கண்ணாடிக்கும் பல சமயம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து உதட்டைப் பிதுக்குவார்கள். பையன்கள் இருவரும் வேலைக்கு வெளிநாடு போனதிலிருந்து செத்துக் கிடந்த வீடு அது. இப்போது கலகலவென்று ஆகியிருந்தது. அந்த வருஷம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம் என்று அவள் வெளிப்படையாகவே சொல்வாள், முதல்வர் பக்கத்தில் இருக்கும்போதும்.

பெரிய மகன் தொலைபேசியில் பேசும்போது, அங்கே மாலையில் மேற்படிப்பும் படிப்பதாகச் சொன்னான். “எங்க வகுப்புல பொண்ணுங்கதான்மா அதிகம். நாங்கதான் ஓரத்துல உட்கார்ந்திருக்கோம்.”

“அவங்கல்லாம் எங்கடா போறாங்க?”

“படிச்சு முடிச்சா? வேலைக்குத்தான்.”

“அட மக்கு, அது இல்ல. இடைவேளையில!”

அடுத்த தடவை பேசும்போது விசாரித்து வைத்திருந்தான். அவன் படிக்கிற இடத்தில் ஒரு காலத்தில் நான்கு மாடிக்கும் சேர்த்துப் பெண்களுக்கு அடித்தளத்தில் ஒரே ஒரு கதவாம். அவன் அறையில் தங்கியிருந்தவன் வேறு நாட்டுக்காரன். அவன் அம்மா மருத்துவம் படித்தபோது தெருமுனைத் தபால் நிலையத்துக்குப் போய் வருவாளாம், ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு. சாவியம்மாவுக்கு ஏக சந்தோஷம். உலகம் முழுக்கப் பெரிய மனிதர்கள் கட்டடம் கட்டும்போது சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில்தான் மறந்திருக்கிறார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. ஒரு சாயங்காலம் முதல்வர் மறுபடியும் தட்டைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தட்டைப் பார்த்தாலே விவகாரம்தான்.

“அடுத்த வருஷம் இருபது பொண்ணுங்க விண்ணப்பிச்சிருக்காங்க. இந்த ஒரு குளியலறை தாங்காது. அதனால பொண்ணுங்க சேர்க்கையைத் தற்காலிகமா நிறுத்தலாம்னு தீர்மானம் எழுதியிருக்கேன். வியாழக்கிழமை குழு கூடுது.”

“தற்காலிகம்னா எத்தனை நாளைக்கு?”

“வசதி வர்ற வரைக்கும்.”

“வசதி எப்போ வரும்?”

“பொண்ணுங்க நிறையப் பேர் சேர்ந்தா கட்டலாம்.”

“கட்டினாத்தானேங்க சேர முடியும்?”

“அதான் சிக்கலே” என்றார் முதல்வர், சிக்கலை யாரோ வெளியூர்க்காரர் கொண்டுவந்து போட்ட மாதிரி.

வசதி. அதே வார்த்தை. அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னதை இவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். யாரோ இருபது பெண்கள், அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் சட்டையைக் கழற்றி மாட்டப்போகிறார். சாவியம்மா எழுந்து பாத்திரம் கழுவினாள். கழுவும்போதே இன்னொன்றும் உறைத்தது. தனிக் கட்டடம் வந்துவிட்டால் ஒரு பெண்ணும் இந்தப் பக்கம் வரமாட்டாள். தாழ்வாரம் காலியாகிவிடும், வீடு பழையபடி செத்துப்போகும். அதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, வியாழக்கிழமைக்குத் தேயிலை போதுமா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

நிர்வாகக் குழு எப்போதும் முதல்வர் வீட்டு முன்னறையில்தான் கூடும். அங்கே நாற்காலி மெத்தென்று இருக்கும், தேநீர் நன்றாக இருக்கும். ஏழு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தலைவர் மரக்கடை முதலாளி, கல்லூரிக்கு இடம் கொடுத்தவர், சிலைப் பீடத்துக்குச் சொந்தக்காரர். அவருக்கு முழங்கால் வலியும் சர்க்கரை வியாதியும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்தே ஆக வேண்டும் என்பது சாவியம்மாவுக்குத் தெரியும்.

முந்தின நாள் அவள் வாயாடியிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். “நாளைக்கு இடைவேளைக்குப் பத்துப் பேரும் வாங்க. வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

“எதுக்கும்மா?”

“தாகத்துக்குத்தான்.”

வியாழக்கிழமை உபசாரம் தடபுடலாக இருந்தது. வந்ததும் எலுமிச்சைச் சாறு. பிறகு தேநீர். பிறகு தர்பூசணித் துண்டுகள். “வெயில் ஜாஸ்தியா இருக்கு, இன்னொரு கப் எடுத்துக்குங்க ஐயா” என்று தலைவருக்குச் சர்க்கரையில்லாத தேநீர் தனியாக, இரண்டு தடவை. முதல்வர், மனைவியின் விருந்தோம்பலைப் பார்த்துப் பூரித்துப்போனார். பாவம், அவரும் மூன்று கப் குடித்தார்.

இடைவேளை மணி அடித்தது. பத்துப் பெண்களும் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். முதலில் நெட்டச்சி உள்ளே போனாள். அதே சமயம் தலைவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். வரிசையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் படித்தார்.

“இது யாரும்மா மாட்டினது?”

“உங்க முதல்வர்தாங்க ஐயா. உத்தரவே போட்டிருக்கார்.”

“எனக்குக் கொஞ்சம் அவசரம்.”

“எங்களுக்கும்தான் ஐயா” என்றாள் வாயாடி, பணிவாக.

“உங்களை விடறதுக்கு எனக்கு என்னங்க கஷ்டம்?” என்றாள் சாவியம்மா, குரலில் தேன் ஒழுக. “ஆனா ஆய்வுக் குழுவுக்குத் தெரிஞ்சா இவரைத்தானே கேள்வி கேப்பாங்க? பையன்களுக்கு இருக்கிறது மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடந்துதான் போகணும். இந்தப் பொண்ணுங்க தினமும் நடந்துதான் வர்றாங்க.”

தலைவர் மைதானத்தைப் பார்த்தார். வெயிலில் அது கடல் அளவுக்கு அகலமாகத் தெரிந்தது. முழங்காலைத் தடவினார். அதற்குள் எலுமிச்சைச் சாறு தன் வேலையைக் காட்ட, பின்னாலேயே இன்னும் மூன்று உறுப்பினர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய மனிதர்கள் நால்வரும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்கள். கண்ணாடி மனசு இளகி வழிவிடப் பார்த்தாள். வாயாடி அவள் பின்னலைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினாள்.

“தினமும் இவ்வளவு நேரமா நிக்கிறீங்க?” என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“இன்னிக்குச் சீக்கிரம்தான் ஐயா” என்றாள் கண்ணாடி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது உண்மைதான்.

தலைவர் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். “முதல்வரே! அந்தத் தீர்மானத்தைக் கொண்டாங்க.”

முதல்வர் காகிதத்தோடு ஓடிவந்தார்.

“சேர்க்கையை நிறுத்துறதை அடிச்சுடுங்க. பணிமனைக்குப் பக்கத்துல பொண்ணுங்களுக்கு ஆறு கழிப்பறை. கதவுக்கு மரம் என் கடையிலேர்ந்து வரும். ஆட்சேபம் உண்டா யாருக்காவது?”

ஆட்சேபம் சொல்கிற நிலையில் யாரும் இல்லை. தலைவர் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கோடு நடுங்கியது. மை காய்வதற்குள் நெட்டச்சி வெளியே வர, பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சாவியம்மா சாவியை இரண்டு கையாலும் நீட்டி, “தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளணுங்க ஐயா” என்றாள்.

எல்லோரும் போன பிறகு முதல்வர் அவளையே உற்றுப் பார்த்தார். “இது நீ பண்ணின வேலைதானே?”

“டீ போட்டது நான்தாங்க” என்றாள்.

அடுத்த கல்வியாண்டுக்குள் கட்டடம் எழுந்தது. ஆறு கதவும் தேக்கு. கொடிக்கம்பத்துக்குக்கூட அவ்வளவு நல்ல மரம் போடவில்லை. இருபது பெண்களும் சேர்ந்தார்கள். நெட்டச்சியும் கண்ணாடியும் வாயாடியும் இரண்டு மூன்று தடவை பார்க்க வந்தார்கள். பிறகு தேர்வு, பட்டறைப் பயிற்சி என்று அதுவும் நின்றது. அவள் நினைத்தபடியே தாழ்வாரம் வெறிச்சோடியது. இடைவேளை மணி அடிக்கும்போதெல்லாம் கை தன்னால் சாவி இருக்கிற ஆணிக்குப் போகும். போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைத் துடைப்பாள்.

முதல்வர் மட்டும் உற்சாகமாகத் திருப்புளியோடு வந்தார். “இனிமே இந்த வீட்டுக்கு மாணவிங்க யாரும் வரப்போறதில்ல. பலகையைக் கழட்டிடலாம்.”

“கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று அவள் திருப்புளியை வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்பு புதிதாகத் தொடங்கினார்கள். சேர்க்கை விதியில் வயது வரம்பு எழுதவில்லை. இருபதைத் தாண்டினவர் யாராவது வருவார்கள் என்று இந்தத் தடவையும் யாருக்கும் தோன்றவில்லை. நேர்காணல் அன்று முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவர் என்று கூப்பிட்டதும் கதவைத் திறந்துகொண்டு வந்தவளைப் பார்த்து முதல்வர், “சாயங்காலம் பேசிக்கலாமே, வீட்டுல ஏதாவது...” என்று எழுந்தார்.

“வீட்டுல ஒண்ணும் இல்லைங்க. நான் சேர வந்திருக்கேன்.”

ஆசிரியர்கள் இருவரும் விதியைப் புரட்டிப் பார்த்தார்கள், தடை ஒன்றும் இல்லை. ஒருவர் கணக்கு ஒன்று கொடுத்தார். பாதி சரியாகப் போட்டாள், பாதி தப்பு. வெளியே நின்ற பையன்களில் பல பேருக்கு அந்தப் பாதியும் வரவில்லை என்பதால் அது பரவாயில்லை என்றார்கள். கடைசியாக முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, படிப்பை நடுவில் விட்டவர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“பள்ளி முடிச்சதுக்கும் இப்போ சேர்றதுக்கும் நடுவுல முப்பது வருஷ இடைவெளி இருக்கு. காரணம்?”

“அப்போ வசதி இல்லைன்னாங்க” என்றாள். “இப்போ ஆறு கதவு இருக்கு.”

முதல்வர் மேசையைப் பார்த்தார். தட்டைப் பார்க்கிற பார்வை இல்லை அது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒருதடவைகூடக் கேட்காத ஒன்றை இன்று அலுவலகத்தில், இரண்டு பேர் முன்னிலையில் கேட்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் காலை. முதல்வர் செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தள்ளினார். பூட்டியிருந்தது.

“சாவி எங்க?”

சாவியம்மா தோளில் பை, கையில் சாவியோடு தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். “முதல் மணி அடிச்சாச்சுங்க. பலகையைப் படிங்க.”

“மாணவிங்கதான் இப்போ வர்றதில்லையே!”

“வீட்டுலயே ஒருத்தி இருக்காளே.”

அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். அவளுக்கே பாவமாகிவிட்டது. சாவியை அவர் கையில் வைத்து, “இன்னிக்கு ஒருநாள் மட்டும்” என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.